யந்திரம் பல, பேச்சு ஒன்று!

பக்கத்துக் கட்டிடத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய டெலிபோன் நம்பர் வேண்டும். என்ன செய்வீர்கள்?

டெலிபோன் புத்தகத்தைப் புரட்டுவீர்கள். அல்லது தெரிந்தவர்களைக் கேட்பீர்கள். இது ஒரு பெரிய காரியமா?

ஆனால் சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இது பெரிய காரியமாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்ல. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று துருவித் துருவிப் பார்க்கிற விஞ்ஞானிகள்! நடந்த காலமும் வெகு தொலைவில் இல்லை. 1990-ம் ஆண்டு வாக்கில்தான்.

டெலிபோன் நம்பர்கள் எல்லாம் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. விஞ்ஞானியின் மேஜை மீது இருந்ததோ வேறு வகைக் கம்ப்யூட்டர். பெரிய கம்ப்யூட்டருக்குள் நுழைய, தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். ரகசியச் சொல் கொடுக்க வேண்டும். அதற்கு உரிய கட்டளைகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம்பர் பார்ப்பதற்கென்றே சிலர் நாள் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருடன் தொடர்பு வைத்து இருந்தார்கள்.

அணுவுக்குள் நுழையத் தெரிந்தவர்களுக்கு, அடுத்த கம்ப்யூட்டருக்குள் நுழைவது கஷ்டமாக இருந்தது!

அந்தக் கஷ்டம் எப்படித் தீர்ந்தது? அதைத் தெரிந்து கொள்வது நமக்கும் அவசியம். ஏன் என்றால், அங்கே தீர்ந்த தொல்லை இன்று வேறு உருவத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

பூமிக்கு அடியில்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர் செர்ன். ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேருகிற எல்லையில் இருக்கிறது. 1954-ம் ஆண்டில் 12 ஐரோப்பிய நாடுகள் கூடி அதை ஆரம்பித்தன. இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள்.

1980-களில் அங்கே பூமிக்கு அடியில் வட்டமாக ஒரு சுரங்கம் தோண்டினார்கள். சுற்றளவு 27 கிலோமீட்டர்! அணுவை விடச் சிறிய துகள்களை அதில் அதிவேகமாக ஓட விட்டு, எதிர் எதிராக மோத விட்டார்கள். மோதும்போது என்ன நடக்கிறது என்று 4 பெரிய கருவிகள் கவனித்தன. 1989-ம் ஆண்டில் இந்த வேலை தொடங்கியது.

கருவிகள் கண்டதை எல்லாம் குறித்து வைக்க வேண்டும். கணக்குப் போட வேண்டும். மனிதனால் ஆகுமா? கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

செர்னுக்கு முதல் கம்ப்யூட்டர் 1958-ல் வந்தது. இங்கிலாந்தில் பெரான்டி கம்பெனி செய்தது. அதன் பிறகு 30 ஆண்டுகளில் பல கம்பெனிகளின் யந்திரங்கள் வந்து குவிந்தன. பெரிய கணக்குகளுக்கு அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் குழுக்களிடம் 'வாக்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கக் கம்ப்யூட்டர். துகள்களை ஓட்டும் யந்திரங்களைக் கட்டுப்படுத்த, நார்வே நாட்டில் செய்த 'நார்ஸ்க் டேட்டா'. 1988-ல் 'கிரே' என்ற அதிவேகக் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொன்றும் ஒரு தினுசு!

65-ம் 193-ம்

எல்லாம் கம்ப்யூட்டர்தானே, ஒன்றோடு ஒன்று பேசுவதற்கு என்ன தடை என்று கேட்கலாம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணை அதற்குள் வைத்து இருக்கிறார்கள். ஆங்கிலத்தின் முதல் எழுத்தான பெரிய 'ஏ'யை எடுத்துக் கொள்வோம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அதற்கு உரிய எண் 65. ஐ.பி.எம். பெரிய கம்ப்யூட்டரில் அதே எழுத்துக்கு எண் 193!

ஒரு யந்திரம் 65 என்று அனுப்புகிறது. வாங்கிய யந்திரம் அதை 'ஏ' என்று எடுத்துக் கொள்ளாது. வேறு எதையோ நினைத்துக் கொள்ளும்.

எண்களை அடுக்கி வைக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. ஒரு கம்ப்யூட்டர் பெரிய பகுதியை முதலில் வைக்கும். மற்றொன்று சிறிய பகுதியை முதலில் வைக்கும். 25 என்று ஒருவர் எழுதியதை, 52 என்று மற்றவர் படித்தால் கணக்கு என்ன ஆகும்? அந்த மாதிரிதான்.

கம்பியைக் கொண்டு இரண்டு யந்திரங்களையும் இணைத்து விடலாம். அது சுலபம். ஆனால் கம்பி வழியாக வருவது புரிய வேண்டுமே!

ஒரே வகை போதாதா?

"இத்தனை தொல்லை எதற்கு? எல்லோரும் ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டரைத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டு விட்டால் என்ன?"

நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், இது நியாயமாகவே தோன்றும். பழுது பார்ப்பது சுலபம். சொல்லிக் கொடுப்பது சுலபம். செலவும் ஒருவேளை குறையும்.

ஆனாலும் இது சரியான வழி அல்ல என்பது என் கருத்து.

காய் நறுக்க அரிவாள்மனை. மாவு அரைக்க ஆட்டுக்கல். இரண்டும் ஒரே சமையல் அறையில்தான் இருந்தன. "ஒன்று போதும், மற்றதைத் தூக்கி எறி" என்று யாராவது சொன்னது உண்டா? வேலைக்குத் தகுந்த கருவி வேண்டும். துகளை ஓட்டும் யந்திரத்தைக் காவல் காப்பது ஒரு வேலை. கோடிக்கணக்கான எண்களைக் கூட்டிக் கழிப்பது வேறு வேலை.

இன்னொன்று: செர்ன் பல நாடுகளுக்குச் சொந்தம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். தங்கள் ஊரில் பழகிய யந்திரத்தில்தான் அவர்களுக்கு வேலை ஓடும். வந்தவர்கள் எல்லோரையும் ஒரே யந்திரத்தில் கட்டிப் போட முடியுமா? முடிந்தாலும், அந்த ஒரு கம்பெனி வைத்ததுதான் விலை, சொன்னதுதான் சட்டம் என்று ஆகி விடும்.

ஒரே வகையாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் ஒரு சம்பவம். ஒரு மாணவர் எழுதி விட்ட புரோகிராம், கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறிப் போயின. எவை தெரியுமா? 'வாக்ஸ்', 'சன்' என்ற இரண்டு வகைகள்தான்! அந்தப் புரோகிராம் அவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. வேறு வகைகள் தப்பின.

வயலில் ஒரே பயிரைப் போட்டால், அதற்கு வருகிற நோய் வயல் முழுவதையும் தின்று விடும். யந்திரத்துக்கும் அப்படித்தான்.

45 துபாஷிகள்

அப்படியானால் வெவ்வேறு யந்திரங்களைப் பேச வைப்பது எப்படி?

இரண்டு வகைகளுக்கு நடுவே மொழிபெயர்க்க, ஒரு துபாஷியை வைக்கலாம். துபாஷி என்றால் இங்கே ஒரு புரோகிராம். இந்த வழியில் வேலை நடக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2 வகைகள் இருந்தால் 1 துபாஷி போதும். 3 வகைகள் இருந்தால் 3 துபாஷிகள். 4 வகைகளுக்கு 6 பேர். 10 வகைகளுக்கு 45 பேர்! பதினோராவது வகை வந்து விட்டால், இன்னும் 10 துபாஷிகளைத் தேட வேண்டும்.

இதற்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரு பொதுப் பேச்சு இருந்தால்? ஒவ்வொரு யந்திரமும் தன் பேச்சோடு அந்த ஒரு பேச்சை மட்டும் கற்றுக் கொண்டால் போதும். 10 வகைகளுக்கு 10 பாடம். புதிதாக வருகிற யந்திரத்துக்கு ஒரே ஒரு பாடம்.

யாரும் தன் வீட்டுப் பேச்சை விட வேண்டியது இல்லை. வெளியே பேசும்போது மட்டும் பொதுப் பேச்சு!

தபால்காரர் முறை

இந்தப் பொதுப் பேச்சு அமெரிக்காவில் பிறந்தது.

அமெரிக்க ராணுவத் தலைமை அலுவலகத்தில், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் இலாகா ஒன்றில் பாப் டெய்லர் என்ற அதிகாரி இருந்தார். 1966-ம் ஆண்டு. அவருடைய அறையில் 3 டைப் யந்திரங்கள். மூன்றும் மூன்று ஊர்களில் உள்ள மூன்று கம்ப்யூட்டர்களுடன் இணைந்தவை. ஒன்றில் பேசி முடித்து விட்டு, அடுத்ததில் பேச வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும். ஒன்றுக்கு உள்ள கட்டளை மற்றதற்குச் செல்லாது.

"ஒரே யந்திரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுடனும் பேச வழி இல்லையா?" என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அதில் இருந்து பிறந்ததுதான் 'ஆர்ப்பாநெட்' என்ற இணைப்பு. 1969-ல் அது நான்கு இடங்களை இணைத்தது. நான்கு இடங்களிலும் நான்கு வகைக் கம்ப்யூட்டர்கள்!

பிறகு வின்டன் சர்ப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974-ல் ஒரு பொது விதியை வெளியிட்டார்கள். 'டி.சி.பி./ஐ.பி.' என்று அதற்குப் பிற்காலத்தில் பெயர் வந்தது. பெயர்தான் கடினம். விஷயம் சுலபம். தபால்காரர் முறைதான் அது.

அனுப்ப வேண்டியதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் உறையில் போடு. உறையின் மேல் முகவரி எழுது. வரிசை எண்ணும் போடு. எந்த வழியாகப் போனாலும் போகட்டும். வாங்குகிறவர் வரிசை எண்ணைப் பார்த்து ஒட்டிக் கொள்ளட்டும். ஒரு துண்டு வரவில்லை என்றால் மறுபடி அனுப்பு.

உறைக்குள் என்ன இருக்கிறது, எழுதியவரின் வீடு எப்படி இருக்கும் என்று தபால்காரர் பார்ப்பது இல்லை. முகவரி ஒழுங்காக இருந்தால் போதும். 1983-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஆர்ப்பாநெட் முழுவதும் இந்த விதிக்கு மாறியது.

கமிட்டி வருமா?

இந்த விதியை ஐரோப்பா உடனே கை நீட்டி வாங்கிக் கொண்டதா? இல்லை!

"அமெரிக்கா செய்ததை ஏன் ஏற்க வேண்டும்? உலக நாடுகள் எல்லாம் கூடி ஒரு விதியை எழுதிக் கொண்டு இருக்கின்றனவே, அது வரட்டும்" என்பது ஐரோப்பாவில் பலருடைய எண்ணம். கமிட்டிகள் கூடின. காகிதங்கள் வளர்ந்தன. ஆண்டுகள் ஓடின.

செர்னில் பென் சீகல் என்ற விஞ்ஞானி இருந்தார். 1984-ல் அவர் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். "ஐ.பி.எம்., வாக்ஸ் ஆகிய வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் இந்த விதியைப் போட்டு சோதித்துப் பார்ப்போம்" என்பது யோசனை. 1985-ல் அந்தப் பொறுப்பு அவரிடமே வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆராய்ச்சிக்கூடத்தின் மதிலுக்குள்ளே மட்டும்தான்! வெளியே போகக் கூடாது!

அவர் சண்டை பிடிக்கவில்லை. உள்ளே வேலையைச் செய்து காட்டினார். பல வகை யந்திரங்கள் பேசத் தொடங்கின. 1989-ம் ஆண்டு ஜனவரியில் வெளி உலகத்துக்கும் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே இந்த இணைப்பில் ஐரோப்பாவிலேயே பெரிய இடமாக செர்ன் வளர்ந்து விட்டது.

கமிட்டி கூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே நாட்டை நம்பி இருக்கலாமா என்ற பயம் நியாயமான பயம்தான். ஆனால் கண் எதிரே ஓடுகிற வண்டியை விட்டு விட்டு, காகிதத்தில் வரைந்த வண்டிக்காகக் காத்து இருந்தால் ஊர் போய்ச் சேருவது எப்போது?

தபால் வந்தது, படிப்பது எப்படி?

இவ்வளவு ஆகியும் டெலிபோன் நம்பர் தொல்லை தீரவில்லை!

தபால் ஒழுங்காக வந்தது. ஆனால் உள்ளே இருந்த கடிதத்தைத் திறந்து பார்க்க, இடத்துக்கு இடம் வேறு வேறு சாவி. இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு புரோகிராம்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. செர்னுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகள் போல இருந்து விட்டுப் போய் விடுவார்கள். அவர்கள் தெரிந்து வைத்திருந்ததும் அவர்களோடு போய் விடும்.

இதற்கு வழி கண்டவர் டிம் பெர்னர்ஸ் லீ. இங்கிலாந்துக்காரர். அவருடைய தாயும் தந்தையும் கம்ப்யூட்டர் நிபுணர்கள். பெரான்டி கம்பெனியின் ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் வேலை செய்தவர்கள்.

1989 மார்ச் மாதம் அவர் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அவருடைய மேல் அதிகாரி அதைப் படித்தார். தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வத்தைத் தூண்டுகிறது என்று ஓரத்தில் குறித்து வைத்தார். "முடியாது" என்று தள்ளவில்லை. 1990-ல் திட்டத்துக்கு ஒரு புதிய கம்ப்யூட்டரும் கிடைத்தது. ராபர்ட் காயோ என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர் துணைக்கு வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை ஆயிற்று. இதுதான் இன்று 'வெப்' என்று உலகம் சொல்லும் வலை!

லீ செய்தது என்ன? மூன்றே விதிகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி. பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு முறை. பக்கத்தை எழுதி வைக்க ஒரு முறை.

எந்த யந்திரத்தையும் மாற்றச் சொல்லவில்லை. எந்த அலமாரியையும் இடம் பெயர்க்கச் சொல்லவில்லை. "உங்கள் பொருள் உங்களிடமே இருக்கட்டும். கேட்கிறவருக்கு இந்த முறையில் எடுத்துக் கொடுங்கள்" என்றார்.

செர்னில் அது முதலில் செய்த உதவிகளில் ஒன்று எது தெரியுமா? அதே டெலிபோன் புத்தகம்தான்! பெரிய கம்ப்யூட்டரில் இருந்த நம்பர்களை எல்லோரும் தங்கள் இடத்தில் இருந்தே பார்த்தார்கள்.

இதில் ஒரு மாணவிக்கும் பங்கு உண்டு. நிக்கோலா பெல்லோ என்று பெயர். கணிதம் படித்தவர். லீயின் முதல் புரோகிராம் அவருடைய புதுவகைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய எளிய புரோகிராமை இந்த மாணவி எழுதினார். படம் கிடையாது. அலங்காரம் கிடையாது. வெறும் எழுத்துதான். ஆனால் பழைய யந்திரமோ, புதிய யந்திரமோ, எதில் உட்கார்ந்தாலும் படிக்கலாம்!

வலை பரவியதற்கு இந்த எளிய புரோகிராம் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அழகாக இருப்பது நல்லது. எல்லோருக்கும் எட்டுவது அதைவிட நல்லது.

ஒரு கையெழுத்து

கதையின் முக்கியமான கட்டம் இனிமேல்தான்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 'கோபர்' என்ற வேறு ஒரு முறையை 1991-ல் வெளியிட்டது. அதுவும் நல்ல முறைதான். அதுவும் வேகமாகப் பரவி வந்தது. 1993-ன் தொடக்கத்தில், சிலரிடம் கட்டணம் வாங்கப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அவ்வளவுதான்! "இன்று அவர்களிடம் கேட்கிறார்கள், நாளை நம்மிடம் கேட்பார்கள்" என்று பலர் விலகி விட்டார்கள்.

1993 ஏப்ரல் 30-ந் தேதி, செர்ன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது. "வலை புரோகிராமில் எங்களுக்கு உள்ள உரிமையை விட்டு விடுகிறோம். யாரும் உபயோகிக்கலாம். மாற்றலாம். பிறருக்குக் கொடுக்கலாம்" என்பது அதன் பொருள்.

காசு கேட்டு இருந்தால் சில ஆண்டுகள் காசு வந்து இருக்கும். வலை வந்து இருக்காது!

நம் தமிழும் பட்ட பாடு

இந்தத் தொல்லை நம் தமிழுக்கும் வந்தது.

1990-களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதியவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துக்கும் ஒவ்வொரு எண். ஒருவர் "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதி அனுப்புவார். அங்கே அம்மாவின் கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாக ஏதோ தெரியும்!

1999-ல் சென்னையில் 'தமிழ் நெட்' மாநாடு நடந்தது. எண்களையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த வழி பிறந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'யூனிகோடு' முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்து இருந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக் கொண்டது. இன்று எந்தக் கம்பெனியின் போனில் எழுதினாலும், எந்தக் கம்பெனியின் போனிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது.

மறுபடியும் வேலியா?

இவ்வளவு பாடுபட்டு இடித்த சுவர் மறுபடியும் எழும்புகிறது.

இ-மெயிலைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் முகவரியில் இருந்து எந்தக் கம்பெனியின் முகவரிக்கும் போகும். ஆனால் போனில் அரட்டை அடிக்கும் செயலிகள்? ஒரு கம்பெனியின் செயலியில் இருந்து இன்னொரு கம்பெனியின் செயலிக்குச் சேதி பெரும்பாலும் போவது இல்லை. அண்ணன் ஒன்றில் இருக்கிறார். தங்கை இன்னொன்றில் இருக்கிறாள். இருவரும் பேச வேண்டுமானால், ஒருவர் மற்றவருடைய வேலிக்குள் வந்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் யந்திரங்களுக்குப் பேசத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. கம்பெனிக்காரர்கள் வாயைக் கட்டி வைத்து இருக்கிறார்கள்! "பாதுகாப்புக்காகத்தான்" என்று அவர்கள் சொல்லுவது உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். பூட்டு வேண்டியதுதான். ஆனால் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் 2022-ல் இதற்காக ஒரு சட்டம் செய்தன. பெரிய கம்பெனிகளின் சேதிச் செயலிகள், கேட்கிற மற்ற செயலிகளோடும் இணைய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்ல சட்டம். மற்ற நாடுகளும் யோசிக்க வேண்டும்.

சட்டம் வரும் வரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியது இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. "இதில் நாங்கள் எழுதி வைப்பதை, நாளைக்கு வேறு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக முடியுமா?" என்றும் கேட்க வேண்டும். குடும்பத்தின் போட்டோக்களை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கிற நாமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். "முடியாது" என்று பதில் வந்தால், அவர்கள் விற்பது பெட்டி அல்ல. கூண்டு!

யந்திரங்கள் ஆயிரம் வகையாக இருக்கட்டும். அவற்றின் பேச்சு பொதுவாக இருக்கட்டும். அந்தப் பேச்சுக்கு யாரும் வேலி போட வேண்டாம்.